காத்திருப்பதும் உழைப்பே!
(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

உடையவர் இராமானுசர் அவதரித்த ஊர் என்று நம் பாட்டிமார் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிச் சொல்வார்கள். இன்று அவ்வூர்ப் பெயரைச் சொன்னால் காரும் கைப்பேசியும்தான் கேட்பவர் நினைவுக்கு வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மண்ணில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இத்தனை புகைபோக்கிகளும் கண்ணாடிக் கட்டடங்களும் தோன்றிவிட்டன. 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று செய்தித்தாள்கள் நம் பக்கத்தைப் புகழ்கின்றன. நமக்கும் பெருமைதான்.

ஆனால், நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? கார் செய்யும் தொழிலாளியைக் காரில் ஏற்றிவந்து ஆலை வாசலில் இறக்கிவிடுகிறவர் யார்? விடியற்காலை நான்கு மணிக்குத் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் மண்ணிவாக்கத்திலும் தெருமுனையில் வந்து நிற்கும் மஞ்சள் பலகை வண்டியை ஓட்டுகிறவருக்கு எத்தனை மணி நேர வேலை? என்ன கூலி? எந்த நிழலில் ஓய்வு? ஆலைத் தொழிலாளரைப் பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன, கட்டுரைகள் வருகின்றன. ஆலை வாசல் வரை வந்து திரும்பும் அந்த டிரைவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவரைப் பற்றி நான்கு வார்த்தை எழுத வேண்டும் என்பதே என் நோக்கம்.

இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. என் அண்ணன் அப்படிப்பட்ட ஒரு டிரைவர். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. டியூ வங்கிக்குப் போகிறது. வேலை ஓர் ஒப்பந்தக்காரரிடம். ஒப்பந்தக்காரருக்கு ஆலை பணம் கொடுக்கிறது; ஒப்பந்தக்காரர் அண்ணனுக்கு டிரிப் கணக்கில் கொடுக்கிறார். ஆள் ஏறி இறங்கும் தூரத்துக்குத்தான் காசு. டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அண்ணன் கையிலிருந்து. இந்த மாதம் ஓடியதற்கு அடுத்த மாதக் கடைசியில்தான் பணம் வரும்.

ஒரு நாள் குறிப்பு

பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நாள், அண்ணனுடன் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். கையில் ஒரு நீள நோட்டும் பேனாவும். பொருளியல் மாணவன் அல்லவா, எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

வாலாஜாபாத் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து காலை 3.30க்குப் புறப்பட்டோம். காலி வண்டி. தாம்பரம் சேரும்போது 4.35. முதல் ஆள் வரும் வரை 15 நிமிடம் நின்றோம். 4.50க்குக் கிளம்பி, வழியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, படப்பை வழியே ஒரகடம் ஆலை வாசலை அடைந்தபோது 5.50. இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் வெளியே வர 40 நிமிடம் ஆயிற்று. 6.30க்கு அவர்களை ஏற்றிக்கொண்டு, 7.40க்குத் தாம்பரத்தில் கடைசி ஆளை இறக்கினோம்.

"அடுத்தது எப்போண்ணா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டரைக்குடா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இதான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

7.40 முதல் 12.30 வரை, 290 நிமிடம். நிழல் தேடி மூன்று இடம் மாறினோம். ஓரிடத்தில் கடைக்காரர் விரட்டினார். இன்னோரிடத்தில் போக்குவரத்துக் காவலர் 'எடு, எடு' என்றார். ஏ.சி. போட்டால் டீசல் போகும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தார் அண்ணன். வெயில் ஏறியது. சிறுநீர் கழிக்க ரயில் நிலையம் வரை நடந்து போய்வந்தார். தூங்கினாரா என்றால், கண்ணை மூடியிருந்தார் என்றுதான் சொல்ல முடியும். போன் ஒலித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த டிரிப் வேறொருவருக்குப் போய்விடும்.

12.30க்கு இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி 1.35க்கு ஆலையில் விட்டோம். காலை ஷிஃப்ட் ஆட்களுக்காக 55 நிமிடம் வாசலுக்கு வெளியே நின்றோம். வண்டிகள் ஆலைக்குள் நிற்கக் கூடாது. வாசலில் கழிப்பறை இல்லை, குடிநீர் இல்லை. 2.30க்குக் கிளம்பி 3.45க்குத் தாம்பரம். மறுபடியும் காலி வண்டியாக ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மணி 4.55.

நோட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். வீட்டை விட்டுப் போய்த் திரும்பிய நேரம் 13 மணி 25 நிமிடம். ஆள் ஏற்றி ஓடியது 4 மணி 30 நிமிடம். காலி வண்டியாக ஓடியது 2 மணி 15 நிமிடம். காத்து நின்றது 6 மணி 40 நிமிடம். அண்ணனுக்குக் கூலி கிடைத்தது அந்த நாலரை மணிக்கு மட்டும்! மீதி 8 மணி 55 நிமிடம் யார் கணக்கிலும் இல்லை. ஒரு முழு நாள் வேலை நேரத்துக்கும் மேலான நேரம் கூலியில்லாமல் கரைந்துபோகிறது.

அன்று இரவு நடந்தது

கதை இதோடு முடியவில்லை. மாலை ஐந்தரைக்குச் சூப்பர்வைசர் போன் செய்தார். இரவு ஷிஃப்ட்டுக்குப் போகவேண்டிய வண்டி ஒன்று வரவில்லையாம். முடியாது என்றால் நாளைக்கு டிரிப் குறையும். அண்ணன் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து முகம் கழுவினார். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாளு வேணாம்னு சொல்லேன்டா" என்றார். "டியூ தேதி அஞ்சும்மா" என்பதே பதில். நானும் கூடவே போனேன்.

ஆட்களை ஆலையில் விட்டு, இரண்டாம் ஷிஃப்ட் முடித்த நான்கு பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 10.30க்குத் திரும்பினோம். படப்பை நெருங்கும் இடம். வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்து போவது போல் இருந்தது. எனக்கும் தூக்கக் கலக்கம், உடனே புரியவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பெண், "அண்ணே! அண்ணே!" என்று கத்தினார். அண்ணன் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். சாலையோரம் நின்றிருந்த ஒரு டிரெய்லர் லாரியின் பின்புறம் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாக விலகிப் போயிற்று.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை முன் வண்டியை நிறுத்தினார். கை நடுங்கிற்று. "பதினஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கிறேம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்று பின்னால் திரும்பிக் கேட்டார். "தூங்குங்கண்ணே, நாங்களும் தூங்குறோம்" என்றார் கத்திய பெண். நான் மட்டும் விழித்திருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து எழுப்பினேன்.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ராத்திரி வண்டி இருபது நிமிசம் நின்னிருக்கே, ஏன்?" வண்டியில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது. தாமதத்துக்காக அந்த டிரிப் பணத்தில் பிடித்தம் செய்தார்கள்.

பகலெல்லாம் 400 நிமிடம் வண்டி நின்றதை அந்தக் கருவி எண்ணவில்லையா? எண்ணியிருக்கும். அதைப் பார்ப்பார் இல்லை. உயிரைக் காப்பாற்ற நின்ற 20 நிமிடத்துக்குக் கணக்கு உண்டு. வேலைக்காக நின்ற 400 நிமிடத்துக்குக் கணக்கு இல்லை. இதுதான் இன்றைய வாடகை வண்டித் தொழிலின் நீதி!

சட்டம் என்ன சொல்லிற்று?

சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நாள்தொட்டு எட்டு மணி நேர வேலை என்பது நம் நாட்டில் பழகிய சொல். டிரைவர்களுக்கும் அது பொருந்த வேண்டும் என்று நாடாளுமன்றம் 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 5 மணி வேலைக்குள் அரை மணி ஓய்வு. ஓய்வு உட்பட மொத்தம் 12 மணிக்குள் நாள் முடிய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நல்ல சட்டம்.

ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு அது தானாகப் பொருந்தாது. தன் பெயரில் ஒரு வண்டி வைத்து ஒப்பந்தக்காரரிடம் சேர்த்துவிட்டு ஓட்டுகிறவர் தொழிலாளி என்ற பெயருக்குள்ளேயே வரமாட்டார். இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. வேலை நேரம் எது என்று விளக்கும்போது, வண்டி ஓடும் நேரத்தையும் அதைச் சார்ந்த வேலை நேரத்தையும் சேர்த்த சட்டம், நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைந்ததை மட்டுமே சேர்த்துக்கொண்டது.

இதைப் படித்ததும் என் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 15, 40, 290, 55 நிமிடங்கள். பதினைந்துக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை! அந்தச் சட்டம் முழுமையாகப் பொருந்தியிருந்தாலும் அண்ணனுடைய 400 நிமிடத்தில் ஒரு நிமிடமும் வேலையாகியிருக்காது. பேருந்து நிலையத்தில் ஓய்வறையும் உணவகமும் உள்ள ஓட்டுநரை மனத்தில் வைத்து எழுதிய வரி அது. நடுத்தெருவில் வெயிலில் நிற்கிறவரை மனத்தில் வைத்து எழுதியதன்று.

1961ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் தொகுப்பில் அது கரைந்துவிட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, செயலி வழியாக வேலை செய்வோரைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டு, செயலி நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 விழுக்காடு வரை அவர்கள் நலனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் செயலி டாக்சி ஓட்டுநர் நாளுக்கு 12 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது என்றன. 2025 ஜூலையில் வந்த நெறிகள் சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடாவது சேர வேண்டும் என்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஓடிய தூரத்தின் கட்டணத்தில் பங்கு எவ்வளவு என்பதுதான் இவற்றின் பேச்சு. ஓடாத நேரத்துக்கு விலை என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆலை ஒப்பந்த வண்டி ஓட்டும் என் அண்ணனோ செயலிக்காரரும் அல்லர், ஆலைக்காரரும் அல்லர்.

காத்திருப்புக்கு விலை வைக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். நம் அரசே வைத்திருக்கிறது. 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு. அந்தக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாததால் 2025 பிப்ரவரி முதல் தேதி சங்கங்களே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்துக்கொண்டது தனிக் கதை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பழைய 2013 விலையிலேயே அண்ணனின் 400 நிமிடத்தைக் கணக்கிட்டால் 280 ரூபாய் வருகிறது. ஒரு நாளைக்கு 280 ரூபாய்! மாதத்துக்கு 25 நாள் ஓடினால் 7,000 ரூபாய். ஆட்டோவில் ஏறிய பயணி கடைக்குள் போய்வரும் வரை நிற்பதற்கு விலை உண்டு. பெரிய ஆலைக்காக நாள் முழுதும் நிற்பதற்கு விலை இல்லை என்றால், இஃது எந்தப் பொருளியல்?

மறுப்பும் விடையும்

இக்கருத்தை வகுப்பில் சொன்னபோது நண்பர்கள் மூன்று மறுப்புகள் சொன்னார்கள். அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

'காத்திருக்கும்போது சும்மாதானே இருக்கிறார்?' என்றார் ஒருவர். தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கும் வரை வீரர் என்ன செய்கிறார்? இரவு மருத்துவமனையில் நோயாளி அழைக்கும் வரை செவிலியர் என்ன செய்கிறார்? அவர்கள் சும்மா இருந்த நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறோமா? வேறு வேலைக்குப் போக முடியாமல், வீட்டுக்கும் போக முடியாமல், கூப்பிட்டவுடன் வருவதற்காகத் தன் நேரத்தை ஒருவர் இன்னொருவருக்கு ஒதுக்கி வைத்தால் அது உழைப்புத்தான்.

'வண்டி அவருடையது, அவரே முதலாளி' என்றார் இன்னொருவர். முதலாளி விலையைத் தானே வைப்பார். நேரத்தைத் தானே வைப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பார். என் அண்ணன் இவற்றில் எதைச் செய்ய முடியும்? கடன் மட்டும் முதலாளியின் கடன். கூலி தொழிலாளியின் கூலி. இரண்டு நிலைகளின் சுமையும் சேர்ந்து ஒரு தோளில் விழுந்திருக்கிறது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. 'செலவு கூடினால் ஆலைகள் போய்விடும். இருக்கிற வேலையும் போகும்.' இந்த அச்சம் பொய்யன்று. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டதை நம் வட்டாரம் மறக்கவில்லை. ஆனால் அது எதனால் மூடப்பட்டது? வரி வழக்கும், அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை அதில் சேராமல் போனதும் காரணங்கள். டிரைவருக்கு யாரோ அதிகமாகக் கொடுத்துவிட்டதால் மூடப்படவில்லை. பல கோடியில் இயங்கும் ஆலையில் ஆள் கொண்டுவரும் வண்டியின் காத்திருப்புப் படி எத்தனையில் ஒரு பங்கு? அதைக் கொடுத்தால் ஆலை சாயும் என்பது நம்பத்தக்கதன்று. அவ்வளவு சிறு தொகையையும் ஆலை, ஒப்பந்தக்காரர், வண்டிக்காரர் என்று கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி ஆளின் தலையில் கட்டுவதுதான் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இரவுப் பணி செய்யும் பெண்களுக்கு வீடு வரை வண்டி என்பது ஆலையின் தயவன்று. பெண்கள் ஆலைகளில் இரவுப் பணி செய்யத் தடை விதித்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு நீக்கியபோது, பாதுகாப்பான போக்குவரத்தையும் நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. தூங்கி விழும் டிரைவர் ஓட்டும் வண்டி பாதுகாப்பான போக்குவரத்தா? அன்று 'அண்ணே' என்று கத்திய அந்தப் பெண் விழித்திராவிட்டால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை. ஆக, டிரைவரின் ஓய்வு டிரைவருக்காக மட்டும் கேட்பதன்று. பின் சீட்டில் இருப்பவருக்காகவும் எதிரே வருபவருக்காகவும் கேட்பது.

பிற நாடுகளில்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று தீர்ப்புக் கூறியது. பயணி ஏறியிருக்கும் நேரம் மட்டுமன்று. தன் உரிம எல்லைக்குள் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்பை ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் முழுதும் வேலை நேரமே என்றது அத்தீர்ப்பு. அடுத்த மாதமே அந்நிறுவனம் குறைந்தபட்ச ஊதியம் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆனால் அழைப்பை ஏற்ற நொடியிலிருந்துதான் கணக்கு என்றது. அங்கும் காத்திருப்பைத்தான் கழித்துப் பார்க்கிறார்கள்!

நியூயார்க் நகரம் வேறு வழி கண்டது. 2018 டிசம்பரில் அந்நகர டாக்சி ஆணையம் ஒரு விதியை வகுத்து, அடுத்த ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. ஓட்டுநர்கள் எவ்வளவு நேரம் காலியாகத் திரிகிறார்களோ, அதற்கேற்ப ஒவ்வொரு பயணத்துக்கும் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி உயரும். ஓட்டுநரைச் சும்மா நிறுத்தி வைப்பது நிறுவனத்துக்குச் செலவாகும் என்று ஆனவுடன், சும்மா நிறுத்தி வைப்பதைக் குறைக்கும் வழியை நிறுவனமே தேட வேண்டியதாயிற்று. பொருளியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் பொருள் வீணாக்கப்படும். இன்று ஒரகடம் சாலையில் டிரைவரின் நேரம் இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே வீணாக்கப்படுகிறது. அதற்கு விலை வைத்தால், இறக்கும் வண்டியும் ஏற்றும் வண்டியும் ஒன்றையொன்று ஒட்டி வரும்படி ஷிஃப்ட் அட்டவணை போடும் அறிவு தானாகவே வரும்.

செய்யத்தக்கவை

குறை கூறிவிட்டு நிறுத்துவது மாணவர்க்கு அழகன்று. என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, டிரிப் சீட்டில் நேரம் எழுதப்பட வேண்டும். வண்டி புறப்பட்ட நேரம், நின்ற நேரம், திரும்பிய நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. டிரைவரைப் பிடிக்கப் பயன்படும் கருவி டிரைவருக்குக் கொடுக்கவும் பயன்படட்டும். அரை மணிக்கு மேற்பட்ட காத்திருப்புக்கும் காலி ஓட்டத்துக்கும் படி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

இரண்டாவது, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே தொடர்ந்தாற்போல் 10 மணி நேர ஓய்வு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்க்குக் கூறிய அளவு இது. எந்த ஒப்பந்தக்காரர் வழியாக வந்தாலும், 10 மணி ஓய்வெடுக்காத டிரைவரின் வண்டியில் தன் தொழிலாளரை ஏற்றமாட்டேன் என்று ஆலை சொல்ல வேண்டும். தலைக்கவசம் இல்லாதவரை உள்ளே விடாத ஆலைக்கு இது அரிதா?

மூன்றாவது, ஒரகடம் கூட்டுச்சாலை, சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய மூன்றிடங்களில் ஓட்டுநர் ஓய்வுக்கூடம். கூரை, கட்டில், குடிநீர், கழிப்பறை போதும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்க 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பெரிய காரியம் முடிந்த இடத்தில் இச்சிறு காரியம் முடியாதா?

நான்காவது நம்முடைய வேலை. தமிழகத்தில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென வாரியம் உண்டு. செயலி வழித் தொழிலாளர்க்கு 2023இல் தனி வாரியமும் அமைந்தது. பதிவு செய்தவருக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. என் அண்ணன் பதிவு செய்யவில்லை. காரணம் கேட்டேன். "எங்கடா நேரம்?" என்றார். நாளைக்கு 400 நிமிடம் காத்திருக்கும் மனிதருக்கு ஒரு படிவம் நிரப்ப நேரம் இல்லை! கல்லூரியில் படிக்கும் தம்பி வீட்டில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அன்றிரவே உட்கார்ந்து நான் அவருக்கு நிரப்பிக் கொடுத்தேன். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை இவ்வாண்டு ஒரகடம் கூட்டுச்சாலையில் ஒரு பகல் நடத்தினால் என்ன? நிற்கும் வண்டிகளுக்கு அருகே ஒரு மேசை, நான்கு மாணவர்கள். அவர்கள் காத்திருக்கும் நேரத்திலேயே பதிவு முடிந்துவிடும். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருதிப் பார்க்க வேண்டுகிறேன்.

முடிவாக

உப்பு வண்டி ஓட்டிய உமணர், மேடும் பள்ளமும் உள்ள நெடுவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிச் சென்றதாக ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். நம் தமிழாசிரியர் அதைப் பாடம் நடத்தியபோது உவமை நயத்தை வியந்தேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வண்டிக்கு மாற்று அச்சு வேண்டும் என்று தெரிந்த நாட்டில், வண்டியை ஓட்டுகிறவருக்கு மாற்று என்ன என்று நாம் இன்னும் கேட்கவில்லை. என் அண்ணன் வண்டியில் ஸ்டெப்னி டயர் இருக்கிறது. அண்ணனுக்கு ஸ்டெப்னி இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்நேரம் அவர் தாம்பரத்தில் எங்கோ ஒரு மர நிழலில் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் சும்மா இல்லை, வேலை செய்துகொண்டிருக்கிறார். அதை நாடு ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் நாம் ஒப்புக்கொள்வோம்!